எங்கள் பிள்ளைகளிடம் கணக்கைச் சொல்லிவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்

இந்தியக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் நிர்வாகிகளுக்கும், விளையாட்டு ஒதுக்கீட்டில் கூடைப்பந்து ஆடும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் தாளாளர்களுக்கும்,

தேனி மாவட்டத்தில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். என்னிடம் ஆடக் கற்ற மாணவி ஒருத்தி சென்னையை ஒட்டிய ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துவந்தாள். கல்லூரிக்காக ஆடிய போட்டியில், கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க (ரீபவுண்டு) எம்பி இறங்கும்போது இடது முழங்காலின் தசைநார் கிழிந்துவிட்டது. அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவர், ஓராண்டாவது ஆடுகளத்துக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். அடுத்த பருவம் தொடங்கியதும் கல்லூரியிலிருந்து அவளுடைய அப்பாவுக்குத் தொலைபேசி வந்தது. கட்டணச் சலுகை ஆடுகிறவர்களுக்கு மட்டும்தானாம். இனி முழுக் கட்டணமும் கட்ட வேண்டும், விடுதி அறையையும் காலி செய்ய வேண்டும் என்றார்கள். அந்த அப்பா, விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போய்வருகிறவர். படிப்பை நிறுத்திக்கொள்கிறோம், சான்றிதழ்களைக் கொடுங்கள் என்று போய் நின்றபோது, முதலாண்டுக்கு விட்டுக்கொடுத்த கட்டணத்தையும் சேர்த்துக் கட்டினால்தான் அசல் சான்றிதழ்கள் கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். எதையும் எழுத்தில் தரவில்லை.

இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அந்தக் கல்லூரியின் பெயரை இங்கே எழுதவில்லை. அவளுடைய சான்றிதழ்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. அதோடு, ஊரையும் ஆளையும் மாற்றினால் இதே கதையைச் சொல்லக்கூடிய பள்ளி ஆசிரியர்கள் இந்த மாநிலத்தில் இன்னும் பலர் இருக்கிறார்கள். ஆகவே உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஒவ்வொரு மே மாதமும் பெரியகுளத்திலும் கரூரிலும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிகள் நடக்கின்றன. பெரியகுளத்தில் வெள்ளி விழா விளையாட்டுக் கழகம் நடத்தும் போட்டி அறுபது ஆண்டுகளைக் கடந்தது. வங்கி அணிகளும் முப்படை அணிகளும் மின்னொளியில் ஆடுவதைப் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துத்தான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பந்தைத் தொடுகிறார்கள். பிளஸ் டூ முடிவு வருவதும் கல்லூரிகளில் சேர்க்கை தொடங்குவதும் அதே மாதத்தில்தான். உங்கள் கல்லூரிகளின் உடற்கல்வி இயக்குநர்களும் பயிற்சியாளர்களும் உயரமான பிள்ளைகளைத் தேடி வருகிறார்கள். ஆறடியைத் தாண்டிய ஒரு பையன் கண்ணில் பட்டுவிட்டால் அன்று மாலையே அவன் வீட்டுத் திண்ணையில் பேச்சு நடக்கும். கட்டணம் வேண்டாம், விடுதி இலவசம், சாப்பாடு இலவசம், ஷூ நாங்களே வாங்கித் தருகிறோம், நன்றாக ஆடினால் ரயில்வேயிலோ வங்கியிலோ வேலை வந்துவிடும் என்பார்கள். பெற்றோரின் காதில் விழுவது அந்தக் கடைசிச் செய்தி மட்டும்தான். வேலை என்ற சொல்லுக்காகத்தான் அவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள்.

அந்த வாக்குறுதி முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை, தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே இந்திய அணியின் தலைவியாக இருந்தவர்; 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். கேரளத்திலிருந்து வந்து தெற்கு ரயில்வேக்கு ஆடிய கீத்து அன்னா ஜோஸ், ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் அணிக்கு ஆடினார். 2011இல் அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறை லீக்கான டபிள்யூஎன்பிஏ அணிகளின் தேர்வு முகாம்கள் வரை போனார். 2022 ஏப்ரலில் சென்னையில் நடந்த 71ஆவது தேசிய சீனியர் போட்டியில் தமிழ்நாட்டு ஆண்கள் அணி கோப்பையை வென்றபோது எங்கள் பள்ளி ஆடுகளத்தில் பிள்ளைகள் எப்படித் துள்ளினார்கள் என்பது எனக்குத்தான் தெரியும். இந்தப் பெயர்களை என் பிள்ளைகளிடம் நானும் சொல்கிறேன், இனியும் சொல்வேன். ஆனால் அந்த உயரத்துக்கு ஒருவர் போவதற்குள் எத்தனை பேர் கழிந்துபோகிறார்கள் என்பதையும் யாராவது சொல்ல வேண்டும் அல்லவா? உங்களில் ஒருவரும் சொல்வதில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓர் அணிக்கு 12 பேர். ரயில்வேயிலோ வங்கியிலோ வருமான வரித் துறையிலோ வேலை கிடைத்த ஒருவர் முப்பது வயதைத் தாண்டியும் அணியில் இருப்பார். இருக்கத்தான் வேண்டும், அது அவருடைய உரிமை. ஆகவே ஓர் அலுவலக அணியில் ஆண்டுக்கு ஓரிடம் காலியாவதே பெரிய விஷயம். ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டு அறிவிக்கை எதையாவது எடுத்துப் பாருங்கள். கூடைப்பந்து என்று போட்டு எதிரே ஒன்று, இரண்டு என்றுதான் எண் இருக்கும். அதிலும் எந்த இடத்தில் ஆடுகிறவர் தேவை என்று குறிப்பிட்டிருப்பார்கள். அந்த ஆண்டு அவர்களுக்கு வேண்டியது கூடைக்கு அருகே ஆடும் உயரமான போஸ்ட் ஆட்டக்காரர் என்றால், பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் கார்டாக மாநிலத்திலேயே சிறந்தவராக இருந்தாலும் விண்ணப்பிக்க வழியில்லை. பல ஆண்டுகளில் பட்டியலில் கூடைப்பந்தே இருக்காது.

மறுபக்கத்தில் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள்? தமிழ்நாட்டில் கூடைப்பந்து அணி வைத்திருக்கும் ஒவ்வொரு கல்லூரியும் 12 பேரை இறக்குகிறது. அவர்களில் பல்கலைக்கழக அணிக்குள் நுழைகிறவர்களுக்குத்தான் அடுத்த படி. ஒரு பழைய இணைவுப் பல்கலைக்கழகத்தின் கீழ் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருந்தாலும் அவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே அணிதான். நிகர்நிலைப் பல்கலைக்கழகமோ தன் சொந்த மாணவர்களைக் கொண்டே ஓர் அணியை அனுப்பலாம். நல்ல ஆட்டக்காரர்கள் ஏன் குறிப்பிட்ட சில வளாகங்களில் போய்க் குவிகிறார்கள் என்பதற்குக் காரணம் இதுதான். அங்கே போய்ச் சேர்ந்தவன் 12 பேரில் 11ஆவது ஆளாக நான்கு ஆண்டுகள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான்; சிறு கல்லூரியில் சேர்ந்தவன் ஒவ்வொரு ஆட்டத்திலும் முழு 40 நிமிடமும் ஆடிவிட்டுப் பல்கலைக்கழகத் தேர்வில் விடுபடுவான். எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பதினேழு வயதுப் பையனுக்கு எடுத்துச் சொல்ல அங்கே யாரும் இருப்பதில்லை. இரு தரப்பும் அவனைத் தம் பக்கம் இழுப்பதில்தான் குறியாக இருக்கின்றன.

பிறகு, வேலைக்குக் காட்ட வேண்டிய விளையாட்டுச் சான்றிதழ் என்றொரு விவகாரம். நாட்டுக்கு ஆடினால் படிவம் 1, மாநிலத்துக்கு ஆடினால் படிவம் 2, பல்கலைக்கழகத்துக்கு ஆடினால் படிவம் 3. கல்லூரி அணியில் மட்டும் ஆடி எத்தனை கோப்பை வாங்கினாலும், கல்லூரியின் கண்ணாடி அலமாரி நிறையுமே தவிர மத்திய அரசு வேலைக்கு அது ஒரு காசுக்கும் உதவாது. ரயில்வேயில் பல பணிநிலைகளுக்குப் பல்கலைக்கழக அணி அகில இந்தியப் போட்டியில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்திருக்க வேண்டும், அல்லது மாநில அணி தேசியப் போட்டியில் முதல் எட்டுக்குள் வந்திருக்க வேண்டும். மதிப்பெண்ணிலும் சாதனைக்கு 50, ஆடுகளத் தேர்வுக்கு 40, படிப்புக்கு 10. அந்தச் சாதனையும் கடந்த சில நிதியாண்டுகளுக்குள் பெற்றதாக இருக்க வேண்டும். அதாவது சான்றிதழுக்கும் ஆயுள் உண்டு. முழங்கால் கிழிந்து ஓராண்டு படுத்துவிட்ட அந்தப் பெண்ணுக்கு, அவள் ஊன்றுகோலோடு நடந்துகொண்டிருக்கும்போதே பழைய சான்றிதழ்களின் ஆயுளும் கரைந்துகொண்டிருக்கிறது. இதை அவளைச் சேர்த்துக்கொண்ட நாளில் யாராவது விளக்கினார்களா? அவளுடைய அப்பாவுக்கு நான் விளக்கியபோதுதான் படிவங்களுக்குள் இத்தனை வேறுபாடு இருப்பதே அவருக்குத் தெரியவந்தது.

இப்போது என்னை மிகவும் உறுத்துகிற இடத்துக்கு வருகிறேன். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் போட்டிகளில் 25 வயது வரை ஆடலாம். ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்வதற்கும் வயது வரம்பு 25. எந்தப் பிரிவினருக்கும் அதில் தளர்வு கிடையாது. கல்லூரிகளுக்கு அகில இந்தியப் பதக்கம் வேண்டும். அதனால் நன்றாக ஆடுகிற பையனை இளநிலைப் பட்டம் முடிந்ததும் விட மாட்டார்கள். முதுநிலைப் பட்டப் படிப்பில் சேர்ப்பார்கள். அது முடிந்தால் இன்னொரு பட்டயப் படிப்பு. பாடம் எதுவாக இருந்தாலும் சரி, பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தால் போதும். அவனும் விடுதிச் சாப்பாடு கிடைக்கிறதே, ஆட இடம் இருக்கிறதே என்று இருந்துவிடுவான். இப்படி 24, 25 வயது வரை அவனுடைய சிறந்த ஆட்டத்தையெல்லாம் கல்லூரி வாங்கிக்கொள்கிறது. கல்லூரிக்கு அவன் தேவைப்படாத அதே ஆண்டில் ரயில்வே வாசலும் அடைபடுகிறது.

போடிப் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு நடந்தது இதுவேதான். ஆறடி நான்கு அங்குலம். கையில் பந்து நின்றால் எதிரணிக்கு நடுக்கம் எடுக்கும். இரண்டு பட்டப் படிப்புகளில் சேர்த்து வைத்திருந்தார்கள், இரண்டிலும் அரியர். போட்டி, முகாம், பயணம் என்று வகுப்பில் உட்கார்ந்த நாட்கள் குறைவு. தேர்வு நாளில் போட்டி இருந்தால் போட்டிதான் முக்கியம் என்று சொல்லிக்கொடுக்கப்பட்டவன் அவன். மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் ஆடுகளத் தேர்வு நடப்பதாக ஒரு நண்பன் சொல்லித் தெரியவந்தபோது, விண்ணப்பிக்கும் கடைசி நாள் கடந்துவிட்டது. இப்போது சென்னையில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் பகுதிநேர வேலை பார்க்கிறான். மீதி நேரத்தில் இருசக்கர வாகனத்தில் உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறான். உழைத்துப் பிழைக்கிறான், அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்தக் கல்லூரியின் விளம்பரத் தாளில் இன்றைக்கும் அவனுடைய படம் இருக்கிறது. கூடைக்கு மேலே கையைக் கொண்டுபோய் நிற்கிற படம். அதைப் பார்த்து அடுத்த ஊர்ப் பையன் சேர்கிறான்.

சம்மேளன நிர்வாகிகளே, இனி உங்களிடம்.

அலுவலக வேலை இல்லையென்றால் லீக் இருக்கிறதே என்று சிலர் சொல்கிறார்கள். எங்கே இருக்கிறது? 2015இல் யுபிஏ லீக் வந்தது. சென்னை ஸ்லாம் என்று நமக்கும் ஓர் அணி இருந்தது. 2017க்குப் பிறகு அது இல்லை. மூவர் ஆடும் லீக் ஒன்று வந்தது. பிறகு உங்கள் சம்மேளனத்தின் ஆதரவோடு 2022 அக்டோபரில் ஐஎன்பிஎல் என்ற தேசிய லீக் ஆறு நகர அணிகளோடு தொடங்கி 2023 ஜனவரியில் முடிந்தது. சென்னை ஹீட் அணிதான் பட்டம் வென்றது. அதற்கடுத்த ஆண்டு அதே பருவத்தில் அது மீண்டும் நடக்கும் என்று நம்பி உடம்பைத் தயார் செய்துவைத்திருந்த பையன்களை எனக்குத் தெரியும். அப்படி நடக்கவில்லை. 2025 தொடக்கத்தில் 25 வயதுக்குட்பட்டவர்களுக்கென்று வேறொரு வடிவில் ஒரு போட்டி நடந்தது. முயற்சி எடுத்தவர்களைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. பணம் போட்டவர்களின் சிரமமும் புரிகிறது. ஆனால் எந்த மாதத்தில் நடக்கும், எத்தனை வாரம் நடக்கும், எவ்வளவு சம்பளம், அடுத்த ஆண்டு உண்டா என்று முன்கூட்டித் தெரியாத ஒன்றைத் தொழில் என்று ஒரு பிள்ளையிடம் எப்படிச் சொல்ல முடியும்? அதை நம்பி யாரால் வேலையை விட முடியும்? யாரால் பெண் வீட்டாரிடம் போய் நான் கூடைப்பந்து வீரன் என்று சொல்ல முடியும்?

கபடியைப் பாருங்கள். புரோ கபடி லீக் 2014இல் தொடங்கியது. முதல் ஏலத்தில் அதிகபட்ச விலை 12.80 லட்சம் ரூபாய். 2018 ஏலத்தில் ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் ஓர் ஆண்டு நின்றது, மறுபடியும் வந்துவிட்டது. தமிழ்நாட்டுக் கிராமத்துக் கபடிப் பையனுக்கு இன்று ஏல நாள் தெரியும், அடிப்படை விலை தெரியும், எந்தப் பிரிவில் தன் பெயர் வரும் என்று தெரியும். கிடைக்காமல் போகலாம், ஆனால் எது கிடைக்கவில்லை என்பதாவது அவனுக்குத் தெரிகிறது. கபடி பிறந்த மண் இது, கூடைப்பந்து வெளியிலிருந்து வந்தது என்று சமாதானம் சொல்லாதீர்கள். இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரி 1920இல் தொடங்கிய காலத்திலிருந்து இந்த விளையாட்டு நம்மிடம் இருக்கிறது. நூறு ஆண்டுகள் போதாதா?

வெளிநாட்டுக் கனவைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிள்ளைகளின் கைப்பேசியில் நிறைந்திருப்பது அதுதான். அமெரிக்காவின் ஆண்கள் தொழில்முறை லீக்கான என்பிஏ, புது ஆட்டக்காரர்களை எடுக்க ஆண்டுதோறும் ஒரு தேர்வு நடத்துகிறது. 2015இல் அந்தத் தேர்வில் பஞ்சாபின் சத்னாம் சிங்கை டல்லாஸ் மாவரிக்ஸ் அணி 52ஆவது ஆளாக எடுத்தது. இந்தியாவில் பிறந்த ஒருவர் என்பிஏ அணி ஒன்றால் அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டது அதுவே முதல் முறை. ஆனாலும் ஒரு என்பிஏ ஆட்டத்தில்கூட அவர் களமிறங்கவில்லை. அவர் எந்த வழியில் அங்கே போனார்? பதினான்கு வயதில் புளோரிடாவில் உள்ள பயிற்சிக்கூடத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டவர் அவர். என்பிஏவுக்கு அடுத்த நிலையில் உள்ள ஜி லீக் வரை போன பிரின்ஸ்பால் சிங், 2017இல் தில்லிக்கு அருகே திறக்கப்பட்ட என்பிஏ அகாதமியில் வளர்ந்தவர். இந்த வழிகள் எல்லாம் நம் பிள்ளை கல்லூரி வாசலை மிதிப்பதற்கு முன்பே திறந்து மூடிவிடுகின்றன. பதினெட்டு வயதில் இங்கே கல்லூரியில் சேர்கிறவனிடம் என்பிஏ பெயரைச் சொல்லி ஆசை காட்டுவது பாவம்.

அமெரிக்காவிலேயே என்ன நிலை? அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு, தன்னிடம் ஆடும் மாணவர்களில் எத்தனை விழுக்காட்டினர் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகிறார்கள் என்று தானே கணக்கிட்டு வெளியிடுகிறது. ஆண்கள் கூடைப்பந்தில் என்பிஏ தேர்வுக்குத் தகுதி பெறும் நூறு பேரில் ஏறத்தாழ ஒருவர்தான் அங்கே போகிறார். பெண்களில் அதைவிடவும் குறைவு. அந்த ஆண்டுத் தேர்வில் அதிகபட்சம் 60 பெயர்கள்தான், அவற்றிலும் சில பிற நாட்டவருக்குப் போய்விடும். கோடிக்கணக்கான டாலர் புரளும் நாட்டிலேயே இதுதான் விகிதம் என்றால் இங்கே என்னவாக இருக்கும்? அந்த எண்ணைக் கேட்டு யாரும் அங்கே ஆட்டத்தை விட்டு ஓடிவிடவில்லை. தெரிந்துகொண்டு ஆடுகிறார்கள், தெரிந்துகொண்டு படிக்கவும் செய்கிறார்கள். நம்மிடம் அந்த எண்ணே கிடையாது. ஒருவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் குறுகல். தேசிய சீனியர் போட்டியில் பெண்கள் பிரிவைப் பல ஆண்டுகளாகப் பெரும்பாலும் இந்திய ரயில்வே அணிதான் கையில் வைத்திருக்கிறது. இதன் பொருள், நாட்டின் நல்ல பெண் ஆட்டக்காரர்கள் அநேகமாக எல்லோருக்கும் சோறு போடுவது ஒரே துறை என்பதுதான். கேரளத்தில் மின்வாரியம் பெண்கள் அணியை வைத்து வளர்த்தது. நம் மாநிலத்தின் வாரியங்களும் சென்னையில் தலைமையகம் வைத்திருக்கும் வங்கிகளும் பெண்கள் அணிக்கு அந்த அளவு இடம் கொடுத்ததில்லை. ஐவர் ஆடும் தொழில்முறை லீக் பெண்களுக்கென்று நிலைத்து நடக்கவும் இல்லை. ஆனால் கல்லூரிகள் மட்டும் பெண்களைச் சேர்ப்பதில் குறை வைப்பதில்லை, ஏனென்றால் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் பெண்கள் பதக்கத்துக்கும் அதே பெருமை கிடைக்கிறது. வீட்டில் மாமன், சித்தப்பா எல்லோரையும் எதிர்த்து நின்று, அரைக்கால் சட்டை போட்டு ஆட அனுமதி வாங்கி, ஊரை விட்டு வெளியே வந்த பெண்கள் இவர்கள். அடிபட்டுத் திரும்பிப் போனால் அந்த வீட்டில் அடுத்த பெண்ணுக்கு அந்த அனுமதி கிடைக்காது. இந்தப் பாதிப்பு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாது. ஆனால் ஒவ்வொரு ஆண்டும் ஆறாம் வகுப்புக்கு வரும் பெண் பிள்ளைகளின் பெற்றோரிடம் நான் பேசப் போகும்போது எனக்குத் தெரிகிறது.

தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. அது நல்ல ஏற்பாடு. அதில் குழு விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பதை அரசுக்குத் தனியாக எழுதுகிறேன்.

இனி உங்களிடம் நான் கேட்பவை.

தாளாளர்களே, விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்க்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சேர்க்கை நாளிலேயே எழுத்தில் ஓர் ஒப்பந்தம் கொடுங்கள். அது தமிழிலும் இருக்க வேண்டும். கட்டணச் சலுகை படிப்பு முடியும் வரைக்கும் என்று அதில் எழுதுங்கள். கல்லூரிக்காகவோ பல்கலைக்கழகத்துக்காகவோ ஆடும்போது அடிபட்டால் சிகிச்சைச் செலவு உங்களுடையது, சலுகையும் விடுதியும் தொடரும் என்று எழுதுங்கள். அணியில் இருக்கும் எல்லோருக்கும் விபத்துக் காப்பீடு எடுங்கள். ஒரு கோப்பைக்கான பாராட்டு விழாவுக்கு நீங்கள் செலவிடும் பணத்திலேயே அது முடியும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு சொல்லியிருக்கிறது. அதைப் பின்பற்றுங்கள் என்று உங்களைக் கேட்க வேண்டியிருப்பதே வருத்தம்.

போட்டிக்குப் போனதால் தவறிய தேர்வை அந்த மாணவருக்கு மட்டும் மறுபடி நடத்துங்கள். தவறிய வகுப்புகளுக்கு ஈடாகச் சிறப்பு வகுப்பு வையுங்கள். அரியரோடு ஒருவனை அடுத்த படிப்பில் சேர்த்து அணியில் இருத்தி வைக்காதீர்கள். இளநிலைப் பட்டம் முடிகிற ஆண்டில் ஒவ்வொரு ஆட்டக்காரரையும் பெற்றோரோடு உட்கார வைத்து, கையில் என்ன படிவம் இருக்கிறது, அது எந்த வேலைக்குச் செல்லும், வயது வரம்புக்கு எத்தனை ஆண்டு மிச்சம் இருக்கிறது என்று சொல்லுங்கள். உங்கள் கல்லூரியிலிருந்து கடந்த பத்தாண்டுகளில் ஆடிப்போனவர்கள் எத்தனை பேர், அவர்களில் விளையாட்டின் வழியாக வேலை பெற்றவர்கள் எத்தனை பேர், பட்டம் முடித்தவர்கள் எத்தனை பேர் என்ற மூன்று எண்களையும் விளம்பரத் தாளில் அந்தப் படங்களுக்குக் கீழே அச்சிடுங்கள்.

சம்மேளனத்தாரே, உங்களிடம் பதிவு செய்த ஆட்டக்காரர்களின் விவரம் இருக்கிறது. தேசிய இளையோர் போட்டியில் ஆடியவர்கள் ஐந்து ஆண்டு கழித்து எங்கே இருக்கிறார்கள் என்று ஆண்டுதோறும் கணக்கெடுத்து வெளியிடுங்கள். எந்தத் துறை எந்த மாதம் எத்தனை பேரை, எந்த இடத்துக்கு எடுக்கப் போகிறது என்று துறைகளிடம் பேசி, எல்லா அறிவிக்கைகளையும் ஒரே இடத்தில், கடைசி நாளுக்கு முன்பே, மாநிலச் சங்கங்கள் வழியாகப் பள்ளி ஆசிரியர்கள் வரை கிடைக்கச் செய்யுங்கள். லீக் நடத்துவதாக இருந்தால் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கான நாட்காட்டியையும் குறைந்தபட்சச் சம்பளத்தையும் முதலிலேயே அறிவியுங்கள். சம்பளத் தொகைக்கு வங்கி உத்தரவாதம் வாங்கிக்கொண்டு அணி உரிமையைக் கொடுங்கள். ஒவ்வொரு நகர அணியும் அந்த மாநிலக் கல்லூரிகளிலிருந்து இத்தனை பேரை எடுத்தே ஆக வேண்டும் என்று விதி வையுங்கள். பெண்கள் லீக்கை ஆண்கள் லீக் நடக்கும் அதே ஆண்டில், அதே நகரங்களில் நடத்துங்கள். ரயில்வேயின் 25 வயது வரம்பைக் கூடைப்பந்து போன்ற குழு விளையாட்டுகளுக்காவது இரண்டு, மூன்று ஆண்டு உயர்த்தக் கோரி ரயில்வே விளையாட்டு வாரியத்துக்கு உங்கள் பெயரில் எழுதுங்கள். அந்தக் கடிதத்தை எங்களுக்கும் காட்டுங்கள்.

முழங்கால் கிழிந்த அந்த மாணவியின் கட்டணச் சலுகையும் விடுதி அறையும் திரும்பக் கிடைக்க வேண்டும். அந்தக் கல்லூரியின் தாளாளர் இதைப் படித்தால் தன்னைத்தான் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அவளுடைய அப்பாவை மறுபடியும் அலைய விடாமல், எழுத்தில் ஓர் உத்தரவு அனுப்புங்கள்.

வரும் மே மாதம் பெரியகுளத்திலும் கரூரிலும் உங்கள் ஆட்கள் பிள்ளைகளைத் தேடி வருவார்கள். அதற்கு முன் எனக்குப் பதில் வேண்டும். இந்த முறை எங்கள் பள்ளியிலிருந்து சேர்கிற பிள்ளைகள் எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் எந்தப் படிவத்திலும் கையெழுத்திட மாட்டார்கள் என்று அவர்களுடைய பெற்றோரோடு பேசி முடிவு செய்திருக்கிறோம். மற்ற மாவட்டங்களின் உடற்கல்வி ஆசிரியர்களையும் இதையே செய்யும்படி கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் உடற்கல்வி ஆசிரியர்,
தேனி மாவட்டம்